தாய்லாந்து ஆர்க்கிட் தெள்ளாரில் வளருமா?

‘தாய்லாந்தில் உள்ள ஒரு நர்சரியில் இருந்து ஆர்க்கிட் செடிகளை வரவழைத்து, வீட்டுக்குப் பின்னால் நிழல்வலைக் குடில் போட்டு வளர்க்கலாம் என்று இருக்கிறோம். எங்கள் ஊர் வெயிலைச் செடி தாங்குமா? என்னென்ன அனுமதி வாங்க வேண்டும்?’

தெள்ளார் பக்கத்தில் இருந்து வாசகி ஒருவர் அனுப்பியிருந்த கேள்வி இது. வழக்கம்போல நான்கு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால், கடிதத்தின் கடைசியில், ‘நகையை வங்கியில் வைத்துத்தான் பணம் கட்டப்போகிறோம். அடுத்த மாதம் முன்பணம் அனுப்ப வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகவே தெள்ளாருக்குப் பேருந்து ஏறினோம்.

தெள்ளாறு எறிந்த ஊர்

திருவண்ணாமலை மாவட்டம், வந்தவாசி வட்டத்தில் இருக்கிறது தெள்ளார். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். சரித்திரம் படித்தவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் மறக்காது. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியப் படையை வென்ற இடம் இது. அந்த வெற்றியால்தான் அவனுக்குத் ‘தெள்ளாறெறிந்த நந்திவர்மன்’ என்ற பெயர் வந்தது. நந்திக் கலம்பகம் பாடியது இவனைத்தான்.

இன்றைய தெள்ளாரில் போர் எல்லாம் வெயிலோடும் தண்ணீரோடும்தான். சுற்றிலும் நெல், மல்லாட்டை, கரும்பு. ஏரியில் தண்ணீர் இருந்தால் ஒரு மகசூல் நிச்சயம். கிணற்றில் ஊற்று இருந்தால் இரண்டு. வந்தவாசிப் பக்கம் போனால் கோரைப்பாய். ஆரணிப் பக்கம் போனால் அரிசி ஆலையும் பட்டுத்தறியும். ஆரணி முதலாளிகளிடம் பாவும் ஊடையும் வாங்கி வந்து, வீட்டிலேயே நெய்து கொடுத்துக் கூலி வாங்கும் குடும்பங்கள் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பல உண்டு. நமக்குக் கடிதம் எழுதிய வாசகியின் வீடும் அப்படிப்பட்ட ஒன்றுதான். கணவர் தறியில் உட்காருகிறார். வாசகியும் மாமியாரும் அரை ஏக்கரில் மல்லாட்டையும், வீட்டுத் தோட்டத்தில் 10 சென்ட்டில் மல்லியும் பார்த்துக்கொள்கிறார்கள். மகள் செய்யாறு அரசுக் கலைக் கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள்.

ஆர்க்கிட் ஆசை மகள் மூலமாகத்தான் வீட்டுக்குள் வந்திருக்கிறது. “கல்யாண மேடையில வைக்கிற ஆர்க்கிட் பூ எல்லாம் வெளியூர்ல இருந்துதான் வருதுன்னு பூக்கடைக்காரர் சொன்னாரு சார். நாமளே வளர்த்தா என்னன்னு தோணுச்சு. இவ செல்போன்ல தேடி, தாய்லாந்து நர்சரி ஒண்ணைக் கண்டுபிடிச்சா. படத்தைப் பார்த்ததும் எனக்கும் ஆசை வந்துடுச்சு” என்றார் வாசகி.

நர்சரியில் இருந்து வந்த விலைப்பட்டியலை வாங்கிப் பார்த்தோம். மொத்தம் 500 செடிகள். பெரும்பங்கு டென்ட்ரோபியம். கூடவே வாண்டா கொஞ்சம். அதோடு, ‘அரிய வகை’ என்ற தலைப்பில் 20 பாபியோபெடிலம். செருப்பு வடிவில் பூக்கிற ஆர்க்கிட் அது.

குடும்பம் போட்டு வைத்திருந்த கணக்கு இப்படி இருந்தது. செடிகளுக்கு 75,000 ரூபாய். விமானக் கட்டணம், சான்றிதழ் செலவு 40,000. நிழல்வலைக் குடிலுக்கு 65,000. ஆக மொத்தம் 1,80,000 ரூபாய். “ஒரு செடி வருஷத்துக்கு எட்டுக் கதிர் பூக்கும், ஒரு கதிர் பதினைஞ்சு ரூபா போகும், வருஷம் அறுபதாயிரம். மூணே வருஷத்துல போட்ட பணம் வந்துடும்” என்றார் கணவர். தப்பில்லாத பெருக்கல்தான். ஆனால், 500 செடியும் வந்து சேரும், 500-ம் உயிரோடு இருக்கும், முதல் வருடமே எட்டுக் கதிர் பூக்கும் என்ற மூன்று நம்பிக்கைகள் அந்தப் பெருக்கலுக்குள் ஒளிந்திருக்கின்றன. அவை மூன்றையும் சோதித்துப் பார்த்துவிட்டு முன்பணம் அனுப்பலாம் என்று சொன்னோம். வாசகி ஒப்புக்கொண்டார்.

முதல் சோதனை: கிணற்றுத் தண்ணீர்

ஆர்க்கிட்டுகளில் நாம் பூவுக்காக வளர்க்கும் வகைகளில் பெரும்பாலானவை மண்ணில் வளர்வதில்லை. மரக்கிளையில் தொற்றிக்கொண்டு, காற்றின் ஈரத்தையும் மழைநீரையும் வேரால் உறிஞ்சி வாழ்பவை. புல்லுருவியைப் போல மரத்தின் சாற்றைக் குடிப்பவை அல்ல. இடத்துக்கு மட்டும் மரத்தை நம்பியிருப்பவை. மழைநீரைக் குடித்துப் பழகிய வேருக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவு, அதாவது டி.டி.எஸ்., 200-க்குள் இருந்தால் நல்லது. கார அமிலத்தன்மை 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும்.

வாசகி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கருவியை வைத்துப் பார்த்தோம். 1,100 காட்டியது. தென்னைக்கும் மல்லிக்கும் இந்தத் தண்ணீர் போதும். ஆர்க்கிட் வேரில் ஊற்றினால், சில வாரங்களிலேயே வேர்நுனி கருகத் தொடங்கும். தேங்காய் மட்டைத் துண்டுகளில் உப்பு வெள்ளையாகப் படியும். அப்படியானால் மழைநீர்த் தொட்டி கட்ட வேண்டும். இல்லையென்றால், உப்பு நீக்கும் கருவி வைக்க வேண்டும். 65,000 ரூபாய் குடில் கணக்கில் இரண்டும் இல்லை.

வெயில் அடுத்தது. டென்ட்ரோபியம் வெப்பம் தாங்கும் வகைதான். தாய்லாந்தில் பாங்காக்கைச் சுற்றியுள்ள சமவெளியில்தான் அதைப் பெருமளவில் வளர்க்கிறார்கள், மலையில் அல்ல. ஆனால், அந்தச் சமவெளி கால்வாய்கள் ஓடும் ஆற்றுப்படுகை. வெயிலோடு ஈரமும் இருக்கும். தெள்ளாரில் மே மாதம் 40 டிகிரி அடிக்கும்போது காற்று காய்ந்து கிடக்கும். 60 சதவிகிதத்துக்கு மேல் ஈரப்பதம் கேட்கிற செடிக்கு, அந்த நாள்களில் புகைபோல நீர் தெளிக்கும் கருவி பகலில் பலமுறை ஓட வேண்டும். மின்சாரம் நின்றால் செடியும் வாடும்.

“அப்போ வளராதுன்னு சொல்றீங்களா?” என்று கேட்டாள் மகள்.

வளரும். இந்த வெயிலுக்கு ஏற்ற ஏற்பாட்டோடு வளர்க்க வேண்டும் என்பதுதான் பதில். ஏற்பாட்டின் செலவு எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. அதைத் தெரிந்துகொள்ள, ஆர்க்கிட் வளர்ப்பவர்களை நேரில் பார்ப்போம் என்று ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். ‘நானும் ஏற்காட்டைப் பார்த்ததில்லை’ என்று மாமியாரும் புறப்பட்டுவிட்டார்.

மரவள்ளித் தோட்டம் சொன்ன பாடம்

செஞ்சி, திருவண்ணாமலை தாண்டி, அரூர் வழியாக மஞ்சவாடிக் கணவாயில் ஏறி இறங்கினால் சேலம். அரூரை நெருங்கும்போதே பாதையின் இரு பக்கமும் மரவள்ளி தென்படத் தொடங்கிவிடும். சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களில் ஜவ்வரிசி ஆலைகளை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மரவள்ளி போடுகின்றன.

2020-ஆம் ஆண்டு கேரளாவின் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த பூச்சி அது. சீக்கிரமே சேலம், நாமக்கல் தோட்டங்களுக்கும் வந்துவிட்டது. நுனிக்குருத்து சுருண்டு, செடி குட்டையாகி, கிழங்கு பருக்காமல் போனது. பிறகு, அந்தப் பூச்சியைத் தின்று அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியை வெளிநாட்டில் இருந்து வரவழைத்து விட வேண்டியிருந்தது.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 2008-ல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று பரவியது. மல்பெரி போனால் பட்டுப்புழு போகும். பட்டுப்புழு போனால் நூல் விலை ஏறும். ஆரணித் தறிக்காரர்களுக்கு அந்தக் கணக்கைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈயும் வெளிநாட்டு வரவுதான்.

பேருந்து ஜன்னல் வழியாக மரவள்ளியைக் காட்டி இதையெல்லாம் சொன்னபோது, “அதுக்கும் நம்ம பூச்செடிக்கும் என்னா சம்பந்தம்?” என்று கேட்டார் மாமியார்.

சம்பந்தம் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து வரும் ஒரு செடியின் இலையிடுக்கில் கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் வரலாம். வேரில் ஒட்டிய மண்ணில் நூற்புழு வரலாம். அந்தப் பூச்சிக்கு இங்கே எதிரி இருக்காது. பூச்செடி ஒரு வீட்டுக்கு வந்தாலும், பூச்சி ஊருக்கே வந்ததாகிவிடும். அதனால்தான், 1914-ஆம் ஆண்டிலேயே பூச்சி, நோய்த் தடுப்புச் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2003-ஆம் ஆண்டு தாவரத் தடைக்காப்பு ஆணைதான் இன்று வெளிநாட்டுச் செடி, விதை இறக்குமதிக்கெல்லாம் அடிப்படை விதி.

அந்த விதி சொல்வது இதுதான். செடி அங்கே கிளம்புவதற்கு முன்பே, இங்கே இறக்குமதி அனுமதிச் சீட்டு வாங்கியிருக்க வேண்டும். அனுப்பும் நாட்டின் வேளாண் துறை, பூச்சி நோய் இல்லை என்று தாவர நலச் சான்றிதழ் தர வேண்டும். வேரில் மண் இருக்கக் கூடாது. அறிவிக்கப்பட்ட விமான நிலையம் அல்லது துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும். நமக்குச் சென்னை. மீனம்பாக்கத்தில் உள்ள தாவரத் தடைக்காப்பு நிலையத்தார் பரிசோதித்து விடுவித்த பிறகுதான் செடி கைக்கு வரும். நடுவதற்காக வரும் செடிகளைப் பிறகும் சும்மா விடுவதில்லை. அதிகாரிகள் ஒப்புதல் கொடுத்த தனிக் குடிலில், குறிப்பிட்ட காலம் வரை ஒதுக்கி வைத்துக் கண்காணிக்க வேண்டும். சீட்டு இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்புவார்கள், இல்லையென்றால் அழித்துவிடுவார்கள். பணம் நம்முடையது.

வாசகியின் விலைப்பட்டியலில், ‘அன்பளிப்பு என்று குறிப்பிட்டுப் பார்சலில் அனுப்பிவிடுகிறோம்’ என்று ஒரு வரி இருந்ததை மகள் எடுத்துக் காட்டினாள். அன்பளிப்பு என்று எழுதினாலும் விதி ஒன்றுதான். யார் வெளிநாட்டில் செடி வாங்கினாலும் இப்படி ஒரு வரியைப் பார்த்தால் அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஏற்காட்டில் ஒரு பழைய சொந்தக்காரர்

சேலத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. சேர்வராயன் மலையில், இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963-ல் அமைத்த தேசிய ஆர்க்கிட் தோட்டம் இங்கே இருக்கிறது. தென்னிந்தியக் காடுகளில் இருந்து சேகரித்த ஆர்க்கிட்டுகளை அழிந்துவிடாமல் வளர்த்துக் காப்பதுதான் இதன் வேலை. செடி விற்கும் இடம் அல்ல. செடியைத் தெரிந்துகொள்ளும் இடம். பூச்சி தின்னும் குடுவைத் தாவரத்தைப் பார்க்கவே பலர் வருகிறார்கள்.

தொட்டிகளிலும் மரத்துண்டுகளிலும் வரிசையாகத் தொங்கிய செடிகளில் பாதி பூவில்லாமல் பச்சையாக இருந்தன. “இதுக்கா இம்மாந்தூரம் வந்தோம்?” என்று சலித்துக்கொண்ட மாமியார், ஒரு செடியின் முன்னால் நின்றுவிட்டார். தடித்த வெள்ளை வேர்கள், வார் போன்ற இலைகள். பழுப்பும் மஞ்சளுமாகக் கட்டம் போட்ட பூ. நடுவில் ஊதா உதடு.

“ஏம்மா, இது நம்ம பழைய மாமரத்துல ஒட்டிக்கினு இருந்ததுல்ல? அந்த வாசனை எனக்கு மறக்காது” என்றார் மருமகளிடம்.

“ஆமா அத்தை, புயல்ல விழுந்துச்சே அந்த மரம்” என்றார் வாசகி.

அவர்கள் சொன்னது சரிதான். அது வாண்டா டெசலேட்டா. கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும், சமவெளியில் பழைய மாமரம், புளியமரங்களிலும் தொற்றி வளரும் நம் ஊர் ஆர்க்கிட். வட இந்தியாவில் இதன் வேரை ‘ராஸ்னா’ என்று மருந்துக்குப் பயன்படுத்துகிறார்கள். 40 டிகிரி வெயிலும் இதற்குப் பழக்கம். இந்தியாவில் மட்டும் 1,200-க்கும் மேற்பட்ட ஆர்க்கிட் இனங்கள் இருக்கின்றன. ஆர்க்கிட் என்றாலே வெளிநாட்டுச் செடி என்று நினைப்பது நம்முடைய மறதி.

சொல்லப்போனால், ஒரு காலத்தில் ஆர்க்கிட்டுகள் இங்கிருந்துதான் கப்பல் ஏறின. 1850-ல் காசி மலைக்கு வந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், லண்டன் கியூ தோட்டத்துக்காக நீல வாண்டாச் செடிகளை ஏழு ஆள் சுமையாகச் சேகரித்து அனுப்பினார். வழியிலேயே பெரும்பாலானவை செத்து, சில செடிகள்தான் உயிரோடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. அந்தக் காலத்துப் பணக்காரர்களின் ஆர்க்கிட் மோகத்தில் மலை மலையாகக் காடுகள் மொட்டை அடிக்கப்பட்டன. நம் அகத்தியமலையில் மட்டும் இயற்கையாக வளரும் பாபியோபெடிலம் ட்ரூரியை என்ற செருப்பு ஆர்க்கிட்டும் 1865-ல் வெளியுலகுக்குத் தெரிந்ததில் இருந்து, பறிப்பவர்களின் கையில் சிக்கி, அழிவின் விளிம்புக்குப் போய்விட்டது.

வாசகியின் பட்டியலில் இருந்த அந்த 20 ‘அரிய வகை’ பாபியோபெடிலங்களுக்கு இப்போது வருவோம். அழியும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தில் 1976 முதல் இந்தியா உறுப்பினர். அந்த ஒப்பந்தப்படி எல்லா ஆர்க்கிட்டும் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. அனுப்பும் நாட்டின் சைட்டிஸ் அனுமதி இல்லாமல் செடியாக அனுப்ப முடியாது. பாபியோபெடிலம் குடும்பம் முழுக்க முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டில் பிடுங்கிய செடியை விற்கவே கூடாது. நர்சரியில் இனப்பெருக்கம் செய்தது என்பதற்குச் சான்று வேண்டும். நம்முடைய 1972-ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திலும் செருப்பு ஆர்க்கிட், நீல வாண்டா, சிவப்பு வாண்டா ஆகியவை பாதுகாக்கப்பட்ட செடிகள். வாங்கியவருக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

“அந்த இருபதையும் அடிச்சிடு” என்று மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார் வாசகி.

விதை வாங்கலாமா?

“செடி வேணாம்னா விதை வாங்கலாம்ல? நெட்ல நீல ஆர்க்கிட், கறுப்பு ஆர்க்கிட் விதைன்னு நூறு ரூபாய்க்கு விக்கிறாங்களே” என்று போனிலேயே கேட்டாள் மகள்.

இந்தக் கேள்வி நமக்கு மாதம் ஒன்றாவது வருகிறது. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். முளைப்பதற்கு வேண்டிய உணவுச் சேமிப்பு அதில் இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சை வந்து சேர்ந்தால்தான் முளைக்கும். 1922-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் நட்சன், சர்க்கரை சேர்த்த கூழில் பூஞ்சை இல்லாமலே விதையை முளைக்க வைத்துக் காட்டினார். 1960-ல் பிரான்ஸ் நாட்டின் ஜார்ஜ் மோரல் குருத்துத் திசுவில் இருந்து கன்று உண்டாக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதன்பிறகுதான் ஆர்க்கிட் சாதாரண மக்கள் கைக்கு எட்டியது. ஆய்வகம் இல்லாத வீட்டில், தொட்டி மண்ணில் தூவி முளைக்க வைக்கும் ஆர்க்கிட் விதை என்று ஒன்று கிடையாது. பாக்கெட்டில் கடுகு போல உருண்டையாக விதை இருந்தால், அது வேறு ஏதோ செடி. பூக்கடையில் பளிச்சென்று தெரியும் நீல ஃபெலனாப்சிஸ், வெள்ளைப் பூச்செடிக்குள் சாயம் ஏற்றியது. அடுத்த முறை வெள்ளையாகத்தான் பூக்கும்.

விதைக்கும் தடைக்காப்பு விதி உண்டு. கேட்காமலே வெளிநாட்டில் இருந்து தபாலில் வரும் விதைப் பொட்டலங்கள் குறித்து, 2020 ஆகஸ்ட்டில் மத்திய வேளாண் அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. அப்படி வந்தால் விதைக்காமல், அப்படியே வேளாண் அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

ஒரு வழி இருக்கிறது. கண்ணாடிக் குடுவைக்குள் கூழில் வளரும் திசு வளர்ப்புக் கன்றுகளாக வாங்குவது. மூடிய குடுவையில் பூச்சி வர வழி குறைவு. இரண்டாம் பட்டியல் வகைகளாக இருந்தால் சைட்டிஸ் கட்டுப்பாட்டில் இருந்து விலக்கும் உண்டு. ஆனால், இறக்குமதி அனுமதியும் நலச் சான்றிதழும் இதற்கும் வேண்டும். குடுவையில் இருந்து எடுத்த பிஞ்சுக் கன்றை வெளிக்காற்றுக்குப் பழக்குவது கைக்குழந்தையை வளர்ப்பது மாதிரி. பூக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பழகியவர்களுக்கான வழி இது; முதல் வருடத்துக்கு அல்ல.

தறிமேடையில் போட்ட கணக்கு

திரும்பி வந்ததும் கணவரோடு உட்கார்ந்து கணக்கைத் திருத்தினோம். “பாவு ஏத்தறதுக்கு முன்னாடியே இழையை எண்ணிடணும் சார். ஏத்தின பிறகு ஒரு இழை குறைஞ்சாலும் சேலை முழுக்கக் கோடு விழும்” என்று சொல்லிக்கொண்டே பென்சிலை எடுத்தார்.

500 செடியில் பயணத்திலும் முதல் கோடையிலும் 150 போகிறது என்று வைத்தார். மீதி 350. இளஞ்செடி பூக்க ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகும். பூக்கத் தொடங்கும் வருடத்தில் செடிக்கு நான்கு கதிர் என்றால் 1,400 கதிர். அவர் போட்ட அதே 15 ரூபாய் விலையில் 21,000 ரூபாய். நகைக்கடனுக்கு 9 சதவிகித வட்டி என்றால், 1,80,000 ரூபாய்க்கு வருடம் 16,200. பூ வருவதற்கு முன்பே இரண்டு வருட வட்டி 32,400 போயிருக்கும். மழைநீர்த் தொட்டி, நீர்ப்புகைக் கருவி, உரம், மின்சாரம் எல்லாம் தனி. வணிகமாக இறக்குமதி செய்ய ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணும் வேண்டும். அதற்குக் கட்டணம் 500 ரூபாய்தான். ஆனால், ஒதுக்கி வைத்துக் கண்காணிக்க ஒப்புதல் பெற்ற குடில் 500 ரூபாயில் ஆகாது.

பென்சிலைக் கீழே வைத்த கணவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “நூலைக் கர்நாடகாவுல இருந்தும் ஜரிகையைச் சூரத்துல இருந்தும் வாங்கி, சேதாரம் ஆனா முதலாளி பார்த்துக்குவாரு. நான் கூலியோட சரி. இதுல முதலாளியும் நான்தானே” என்றார்.

மகளின் முகம் வாடிப்போனது. மாமியார்தான் பேசினார். “மல்லாட்டையில புது ரகம் வந்தா மொதல்ல ஒரு பாத்தியில போட்டுத்தானே பார்ப்போம்? இதையும் ஒரு பாத்தி போட்டுப் பாருங்க. நகை பீரோவுலயே இருக்கட்டும்.”

அதுவே முடிவானது. முன்பணம் போகவில்லை. மழைக்காலம் தொடங்கியதும் உள்நாட்டு நர்சரியில் இருந்து, பூக்கும் பருவத்தில் உள்ள 40 டென்ட்ரோபியம் செடிகள் வாங்குவது. மல்லித் தோட்டத்து ஓரம் 50 சதவிகித நிழல்வலையைக் கட்டித் தொங்கவிடுவது. ஓட்டுக்கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து அதை மட்டுமே ஊற்றுவது. எத்தனை செடி செத்தது, எத்தனை கதிர் வந்தது என்று மகள் நோட்டில் எழுதி வைப்பது. ஒரு மே மாதத்தைத் தாண்டிய பிறகு அடுத்த பேச்சு.

நீங்களும் கேட்டால்...

ஆர்க்கிட் வளர்க்க நினைக்கும் மற்ற வாசகர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறோம்.

முதலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள். திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள் கீழ்நெல்லி வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம். சேலம், தருமபுரிப் பக்கத்தவர்கள் ஏற்காட்டில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம். 

நிழல்வலைக் குடிலுக்குத் தோட்டக்கலைத் துறையின் மானியம் உண்டு. குடில் கட்டி முடித்த பிறகு போய்க் கேட்டால் கிடைக்காது; கட்டுவதற்கு முன்பே வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

பூவை யார் வாங்குவார், எந்த மாதத்தில் எத்தனை கதிர் கேட்பார் என்பதைச் செடி வாங்குவதற்கு முன்பே பூக்கடைக்காரரிடமும் மேடை அலங்காரக்காரரிடமும் பேசி முடிவு செய்யுங்கள்.

வெளிநாட்டில் இருந்தே வாங்குவது என்று முடிவெடுத்தால், இறக்குமதி அனுமதிச் சீட்டு கைக்கு வந்த பிறகே பணம் அனுப்புங்கள். நர்சரிக்காரர் தாவர நலச் சான்றிதழும் சைட்டிஸ் அனுமதியும் தருவதாக எழுத்தில் சொல்லட்டும். சொல்லத் தயங்கினால் வேறு நர்சரியைப் பாருங்கள்.

உங்கள் ஊர்ப் பழைய மாமரத்தில் தொற்றியிருக்கும் வாண்டாவைப் பார்த்தால் பிடுங்காதீர்கள், மரத்தையும் வெட்டாதீர்கள். உங்கள் மண்ணின் வெயிலுக்குப் பழகிய ஆர்க்கிட் அது. அது பூக்கும் மாதத்தைக் குறித்து எங்களுக்கு எழுதுங்கள். தெள்ளார் வாசகியின் 40 செடிகள் கோடையைத் தாண்டியதா என்பதை அடுத்த ஆண்டு இதே பக்கத்தில் சொல்கிறோம்.